மூணு நாள் லீவு, ரெண்டு ஊர்: திருச்சி–தஞ்சாவூர் அரைநாள் கணக்கு

2026 காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமையில வருது. வெள்ளி, சனி, ஞாயிறு, சேர்ந்தாப்ல மூணு நாள். ஆகஸ்ட் 15 இந்த வருஷம் சனிக்கிழமையில போய் வீணாயிடுச்சு. அடுத்த வருஷம் அக்டோபர் 2 சனிக்கிழமை. 2028 லீப் வருஷம்கிறதால ஞாயிறைத் தாண்டி திங்கள்ல வந்து விழும். அதாவது காந்தி ஜெயந்தி லீவு ஒட்டி வர்றது இப்ப விட்டா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்.

கூடப் படிச்சவன் ஒருத்தன் சிகாகோ பக்கம் இருக்கான். அவனுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அமெரிக்காவில 1968ல ஒரு சட்டம் போட்டு, 1971லிருந்து சில தேசிய விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கே கட்டிப்போட்டுட்டாங்க. தொழிலாளர் தினம் அதுக்கு ரொம்ப முன்னாடி, 1894லிருந்தே செப்டம்பர் முதல் திங்கள். அதனால அவன் ஒவ்வொரு வருஷமும் அந்த மூணு நாளை முன்கூட்டியே குறிச்சு வச்சுக்குவான். சிகாகோவில ரெண்டு ராத்திரி, மில்வாக்கியில ஒரு ராத்திரி. நடுவில 145 கிலோமீட்டர் சொச்சம், ரயில்ல ஒன்றரை மணி நேரம். மியூசியம் காலையில திறந்தா சாயங்காலம்தான் சாத்துவாங்க. ஒரு நாள்னா அங்கே முழுசா ஒரு நாள்.

அதே மாதிரி நம்ம ஊர்ல ரெண்டு நகரம் பாக்கலாம்னு கிளம்பினா, திருச்சியும் தஞ்சாவூரும் அவனோட ஜோடியை விட நல்ல ஜோடி. நடுவில 50 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா நம்ம ஊர் நாள் வேற மாதிரி. அது நடுவில ரெண்டாப் பிளந்திருக்கும். உச்சிகால பூஜை முடிஞ்சா நடை சாத்திடுவாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில்ல பகல் 12:30லிருந்து 4 வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. சாத்தாத இடத்துலயும் அந்த நேரத்துல கருங்கல் தரையில வெறுங்காலோட நடந்து பாருங்க, தெரியும். தூரத்தை வச்சுத் திட்டம் போடறவங்க கோட்டை விடறது இங்கேதான். ஊர் ஊரா எண்ணக்கூடாது, அரைநாள் அரைநாளா எண்ணணும்.

எங்க வீட்ல இது வெறும் கணக்கு இல்லை. அம்மாவுக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சிருக்கு. வீட்டு மாடிப்படி பதினெட்டை ஏற நடுவில ஒரு தடவை நின்னுக்குவாங்க. பெரிய கோயிலைக் கல்யாணமான புதுசுல ஒரு தடவை பாத்தது, அதுவும் யாரோ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படுத்தி. "இன்னொரு தடவை நிதானமா பாத்துடறேன்டா" என்று ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்காங்க. 2028ல அவங்களுக்கு 76. முட்டி அதுவரைக்கும் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. அதனால இந்த மூணு நாளை எப்படிச் செலவு பண்றோம்கிறது முக்கியம்.

மேடவாக்கத்துல இருக்கிற மச்சினன் குடும்ப வாட்ஸப் குழுவில உடனே ஒரு பட்டியல் போட்டுட்டான். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மலைக்கோட்டை, சமயபுரம், கல்லணை, பெரிய கோயில், அரண்மனை, சுவாமிமலை, தாராசுரம், கும்பேஸ்வரர், கங்கைகொண்ட சோழபுரம். மொத்தம் 11. "கார்ல போனா எல்லாம் முடிச்சிடலாம் மாமா" என்றான். 'முடிச்சிடலாம்' என்ற வார்த்தையே எனக்கு உறுத்தியது. 11 இடங்களை வரிசைப்படுத்த 3,99,16,800 வழி இருக்கு, கிட்டத்தட்ட நாலு கோடி. கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு இது பழகின கணக்கு: ஊர் ஊராப் போற வியாபாரி எந்த வரிசையில போனா அலைச்சல் குறையும்கிறது. அதுல ஒவ்வொரு ஊருக்கும் 'இந்த நேரத்துக்குள்ள வந்தாத்தான் கதவு திறந்திருக்கும்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தா, நாலு கோடியில பெரும்பாலானது அங்கேயே செத்துடும். மிச்சத்துல மெதுவா நடக்கிறவங்க வேகத்தைப் போட்டுப் பாருங்க. 11 இடத்துக்கு ஒரு வழிகூட மிஞ்சாது.

மூணு நாளுக்கு ஆறு அரைநாள். ஞாயிறு மதியத்துக்கு மேல திரும்புற பயணம். கையில இருக்கிறது அஞ்சு. ஒரு அரைநாளுக்கு ஒரு பெரிய இடம், பக்கத்துலயே இருந்தா கூட ஒரு சின்ன இடம். மத்தியானம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஊர் மாறுறதுக்கும். இவ்வளவுதான் சூத்திரம். இதுல மத்தியானத் தூக்கம் ஆடம்பரம் இல்லை. அது இருந்தாத்தான் சாயங்கால அரைநாள்னு ஒண்ணு இருக்கும்.

இனி வழி. தாம்பரத்துக்காரங்களுக்குத் தெற்கே போறது எப்பவுமே வசதி. தெற்கத்தி வண்டி பெரும்பாலும் இங்கே நிக்கும். எழும்பூர்ல வேலை நடக்கிறதால சில வண்டி அப்பப்ப இங்கிருந்தே கிளம்பறதும் உண்டு. விழுப்புரம் வரைக்கும் ஒரே பாதை. அங்கிருந்து ரெண்டாப் பிரியும். கார்ட் லைன் என்று சொல்றது விருத்தாசலம், அரியலூர் வழியா நேரா திருச்சிக்குப் போகும். மெயின் லைன் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுத்தி அதே திருச்சிக்கு வந்து சேரும். கார்ட்ல சென்னையிலிருந்து திருச்சி சுமார் 335 கிலோமீட்டர். மெயின்ல 400.

மெயின் லைன்தான் பழசு. அதுலயும் சென்னையோட சேர்றதுக்கு முன்னாடியே, 1861–62லயே, நாகப்பட்டினத்துலிருந்து தஞ்சாவூர் வழியா திருச்சிக்கு ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு. நம்ம ரெண்டு ஊரையும் இணைக்கிற தண்டவாளம், நம்மளை அந்த ஊர்களோட இணைக்கிற தண்டவாளத்தை விட வயசுல மூத்தது. கார்ட் லைன் 1920களோட கடைசியில வந்த குறுக்கு வழி. 1956 நவம்பர்ல அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்துல தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினாரே, அது இந்தப் பாதையிலதான்.

இந்தப் பிரிவை நாம பயன்படுத்திக்கலாம். போனது கார்ட் லைன்ல, வர்றது மெயின் லைன்ல. திருச்சியில இறங்கி, தஞ்சாவூர்ல ஏறணும். அப்பத்தான் பாத்த ஊருக்கே திரும்ப வந்து வண்டி பிடிக்கிற அலைச்சல் இருக்காது. ரெண்டு டிக்கெட்டுக்கும் ஒரே ஊரைப் போடறவங்க ஒரு அரைநாளைத் தானமாக் கொடுத்துடறாங்க.

ஏன் திருச்சி முதல்ல? தஞ்சாவூர்லிருந்து ஆரம்பிச்சாலும் வண்டி இருக்கு, உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பிக் காலையில கொண்டுபோய் விட்டுடும். ஆனா அக்டோபர் 3 புரட்டாசி மூணாவது சனிக்கிழமை. அன்னிக்கு ஸ்ரீரங்கத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறது நடக்காத காரியம். புரட்டாசி சனியில பெருமாள் கோயில் எப்படி இருக்கும்னு தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆக, ஸ்ரீரங்கம் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சிவன் கோயில். அக்டோபர் 10 அமாவாசை, அதுக்கு முன்னாடி வர்ற பிரதோஷம் 8ஆம் தேதி வாக்கில. அதனால பெரிய கோயில்ல பிரதோஷக் கூட்டமும் இல்லை. கேலண்டர்ல பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பாக்கிறது பக்திக்காக மட்டும் இல்லை, கூட்டத்தை முன்கூட்டியே தெரிஞ்சுக்க அதை விட நல்ல கருவி வேற கிடையாது.

வியாழன் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். எழும்பூர்ல பதினொன்றரை வாக்கில கிளம்பி, தாம்பரத்துக்கு நள்ளிரவை ஒட்டி வரும். இங்கே ஒரு நுணுக்கம். இந்த மாதிரி வண்டியில தாம்பரத்துல ஏறும்போது எந்தத் தேதின்னு டிக்கெட்டுல பாத்துக்கணும். முன்பதிவு நாள் கணக்கோ வண்டி கிளம்புற ஊரில அது கிளம்புற தேதியை வச்சு. 2024 நவம்பர் 1லிருந்து 120 நாள் 60 நாளாயிடுச்சு, பயண நாளைச் சேர்க்காம. அக்டோபர் 1க்கு ஆகஸ்ட் 2 காலை 8 மணிக்குத் திறக்கும். தட்கலை நம்பி லீவு நாளுக்குத் திட்டம் போடாதீங்க. அப்படியே போட்டாலும், 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு இல்லாம ஆன்லைன்ல தட்கல் எடுக்க முடியாது. முதல்லயே சரிபார்த்து வச்சுக்குங்க.

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இன்னொண்ணு. கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில நிறுத்திட்டாங்க. ஆனா கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கு: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயசுக்கு மேல. ஒரு டிக்கெட்டுல அப்படி ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் இருந்தாத்தான் அது செல்லும். குடும்பமா ஆறு பேரை ஒரே டிக்கெட்டுல போட்டா பாட்டிக்கு அப்பர் பெர்த் வந்து நிக்கும். அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். வேற பெட்டி வந்துட்டா டி.டி.ஆர்.கிட்ட பேசிப் பாக்கலாம். நடு பெர்த்துல ஏற வைக்கிறதை விட அது பரவாயில்லை. இன்னும் ஒரு வருஷத்துல என் மனைவியும் அந்த ஒதுக்கீட்டுல அம்மாவோட சேர்ந்துக்கலாம்னு சொன்னேன். அதுக்குக் கிடைச்ச பதில் இங்கே வேண்டாம்.

விடிகாலை திருச்சி ஜங்ஷன். காலை அஞ்சு மணிக்கு வந்து நிக்கிறவங்ககிட்ட சில லாட்ஜ்ல முந்தின நாள் வாடகையும் சேர்த்துக் கேப்பாங்க. 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கான்னு முதல்லயே கேட்டுடணும். குளிச்சுக் கிளம்ப மட்டும்னா ரயில்வே ஓய்வறையை டிக்கெட் எண்ணை வச்சே பதிவு பண்ணலாம்.

ஸ்ரீரங்கம் காலை அரைநாள் முழுக்க வேணும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தீவு. கோயில் 156 ஏக்கர், 7 பிரகாரம், 21 கோபுரம். வெளிப் பிரகாரங்கள்ல வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கு. கோயிலுக்குள்ள ஊரா, ஊருக்குள்ள கோயிலான்னு சொல்ல முடியாது. தெற்கு வாசல் ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டையா நின்னு, 1987லதான் 236 அடிக்கு எழும்பி முடிஞ்சது. அம்மா கடைசியா வந்தப்போ அந்த உயரத்துக்கு வெறும் வானம்தான் இருந்திருக்கும். முட்டி வலிக்காரங்களைக் கடைசி வரைக்கும் ஆட்டோவில உள் வீதி வரைக்கும் கொண்டுபோயிடணும். முதல் கோபுரத்திலிருந்து நடந்துதான் பாக்கணும்னு நினைக்கிற ஆர்வத்தை நாமதான் வேற ஒரு நேரத்துக்குத் தள்ளி வைக்கணும்.

அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர்ல திருவானைக்காவல். நடை சாத்துற நேரத்தை எதிரியாவே பாக்க வேண்டியதில்லைங்கிறதுக்கு இந்தக் கோயில் உதாரணம். இங்கே உச்சிகாலத்துல அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்மன் ஸ்தானத்துல நின்னு சுவாமிக்குப் பூஜை பண்ணுவார். கோ பூஜையும் நடக்கும். பகல் 12 மணி வாக்கில அங்கே இருந்தா அதைப் பாத்துட்டே வெளியே வரலாம். வெள்ளிக்கிழமைங்கிறதால அகிலாண்டேஸ்வரி சன்னதியில கூட்டம் இருக்கும், தாங்கக்கூடிய கூட்டம்தான்.

சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் மலைக்கோட்டை. நானூறுக்கு மேல படி. அம்மா ஏறமாட்டாங்க, ஏறச் சொல்லவும் கூடாது. அடிவாரத்துல மாணிக்க விநாயகர்கிட்ட அவங்களும் என் மனைவியும் உக்காந்துக்குவாங்க. நானும் பையனும் மேல. பிள்ளையாரைப் பாக்கிற அவசரத்துல எல்லாரும் தாண்டிப் போறது, வழியில இருக்கிற மகேந்திரவர்ம பல்லவனோட குகையை. ஏழாம் நூற்றாண்டு ஆரம்பம். மாமல்லபுரம் நமக்குப் பக்கம்கிறதால பல்லவர்னா நம்ம ஊர்க்காரங்கன்னு ஒரு எண்ணம் இருக்கும். அவங்க கை காவிரிக்கரை வரைக்கும் நீண்டதுக்குச் சாட்சி இந்தக் குகை. மேல போனதும் கிழக்கே பாக்கணும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சை. அந்தப் பக்கம் டெல்டா, வண்டல் மண், பாறை கிடையாது. நாளைக்குப் பாக்கப்போற பெரிய கோயில் முழுக்கக் கருங்கல். அத்தனை கல்லையும் வெளியிலிருந்துதான் கொண்டுபோயிருக்காங்க.

சனிக்கிழமை காலை வாடகைக் கார். திருச்சி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையில ஒரு மணி நேரம்தான், ரயில்லயும் கிட்டத்தட்ட அவ்வளவே. பஸ்ஸுன்னா, 2025ல பஞ்சப்பூர்ல புது முனையம் வந்தாச்சு, பழைய ஞாபகத்துல மத்திய பேருந்து நிலையத்துக்குப் போகாம எந்தப் பஸ் எங்கேன்னு கேட்டுக்குங்க. ஆனா நான் காரைச் சொல்றதுக்குக் காரணம் கல்லணை. ஆத்தோரமா கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சாவூர். சுத்துதான், ஆனா இந்த ரெண்டு ஊருக்கும் என்ன உறவுன்னு அந்த ரோடுதான் சொல்லும். கல்லணையில தண்ணி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலாப் பிரியுது. கரிகாலன் போட்ட அணை, பின்னால வெள்ளைக்காரன் காலத்துல மதகெல்லாம் வச்சாங்க. ஆர்தர் காட்டன் இதைப் படிச்சுத்தான், ஆழமான மணல்ல அஸ்திவாரம் எப்படி நிக்கும்கிறதைக் கத்துக்கிட்டார். 1836ல முக்கொம்புல மேலணையை ஆரம்பிச்சவர், பிறகு கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்தைக் கட்டினார். மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடற அணை. அக்டோபர் ஆரம்பத்துல தண்ணி ஓடும்னு எதிர்பாக்கலாம். ஐப்பசி மழைக்கும் நாள் இருக்கு.

திருவையாத்துல நிறுத்தி அசோகா வாங்கலாம். பாசிப்பருப்புல பண்றது. சூடா அங்கேயே சாப்பிடணும். பொட்டலம் கட்டித் தாம்பரம் வரைக்கும் கொண்டு வந்தா அது வேற பண்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் 4 மணி. பெரிய கோயில். இந்த அரைநாளுக்காகத்தான் மத்த நாலும். வேற எதையும் இதுகூடச் சேர்க்கலை. 4 மணிக்குக் கேரளாந்தகன் திருவாசல்ல நுழைஞ்சா சாத்தற வரைக்கும் அங்கேயேதான். தரை சூடு இறங்கியிருக்கும், புல்வெளி இருக்கு, உக்காரலாம். ராஜராஜன் 1010ல முடிச்ச கோயில். விமானம் சுமார் 216 அடி. நிழல் கீழே விழாதுன்னு கைடு சொல்வார். சாயங்காலம் கிழக்குப் பக்கமா வந்து நின்னா நிழல்லயே உக்காரலாம், பையனுக்கு அதைக் காட்டணும். நந்தி நாயக்கர் காலம். பிரகாரச் சுவர்ல மராட்டியில போன்ஸ்லே வம்சக் கதை இருக்கு, 1803. ஆனா சுவர் பூரா ஓடற தமிழ்க் கல்வெட்டுதான் என்னை இழுக்கிறது. யார் என்ன கொடுத்தாங்க, எந்த ஊர் நெல்லு எவ்வளவு, கோயிலுக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் பேரு, அவங்க எந்த வீதியில எந்த வீடு, எல்லாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு கணக்குப் புத்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில ஹுல்ஷ் படிச்சு வெளியிடற வரைக்கும், இதைக் கட்டினது யாருன்னே ஊருக்கு நிச்சயமாத் தெரியாம இருந்தது. பேரு சுவர்ல எழுதியே இருந்தும்!

கருவறையைச் சுத்தின உள்வழியில, நாயக்கர் ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சார். அது பொதுமக்களுக்குத் திறக்கிறது இல்லை. படங்களை முன்கூட்டியே பாத்துட்டுப் போகலாம்.

ஞாயிறு காலை பிரியறோம். பையனும் நானும் அரண்மனை, சரஸ்வதி மகால். நாற்பதாயிரத்துக்கு மேல சுவடி இருக்கிற நூலகம். அதுல பொதுவா பாக்கக் கிடைக்கிறது ஒரு சின்ன அருங்காட்சியகம்தான். காலையில தாமதமாத்தான் திறக்கும், நண்பகல் வண்டி இருக்கிறதால வேகமாத்தான் பாக்கணும். அம்மா மறுபடி பெரிய கோயில். கிழக்குப் பாத்த கோயில், காலை வெயில் முகப்புல விழும். முந்தின நாள் பாத்தது முதுகுப்பக்க வெளிச்சம். ரெண்டும் பாத்தாத்தான் பாத்த மாதிரி.

விட்டதுல எனக்கு வருத்தம் தாராசுரம் மட்டும்தான். பெரிய கோயிலோட 1987லயும், பிறகு 2004ல கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்தும் யுனெஸ்கோ பட்டியல் வந்தது. மூணையும் ஒரே பயணத்துல 'முடிக்க' நிறைய பேர் ஆசைப்படறாங்க. கும்பகோணம் தனியா ஒரு மூணு நாள். மச்சினனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப சமயபுரமாவது, மாமா?" என்றான். அம்மா குழுவில குரல் செய்தி போட்டாங்க: "ரெண்டு ஊர் போதும்பா. உக்காந்து பாக்கணும் எனக்கு." அதுக்கப்புறம் பட்டியல் வரலை.

திரும்ப சோழன் எக்ஸ்பிரஸ். திருச்சியில கிளம்பி நண்பகல் வாக்கில தஞ்சாவூர் வந்து, மெயின் லைன்ல பகல் முழுக்க ஓடிச் சாயங்காலம் தாம்பரம். நேரம் அப்பப்ப மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குங்க. லீவு முடியற ஞாயிறு ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டுல பரனூர்லிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் என்ன நடக்கும்னு நம்ம பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்து வந்த தூரத்தை விட அந்தக் கொஞ்ச தூரம்தான் நீளம். கார் வேண்டாம்னு நான் நின்னதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அக்டோபர் 4க்கு முன்பதிவு ஆகஸ்ட் 5 திறக்குது. போற டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, பிரச்சினையில்லை. வர்ற டிக்கெட் புதன்கிழமை. எனக்கு எட்டு மணிக்கு ஆபீஸ் கால் இருக்கு, அதனால மனைவியோட கணக்குல ஆதார் சரிபார்ப்பை நேத்தே முடிச்சு வச்சாச்சு.